ஜமீன்தார் வாயில் வந்த சிரிப்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குத்தான் அசிங்கம். பொள்ளாச்சிக்கு மேற்கே, மலையாள எல்லைக்குள் இருக்கும் சித்தூரிலிருந்து நல்லேப்பிள்ளி போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், நான் ஒன்றும் கேட்காமலே, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"எங்கூர் டாக்கீஸ்ல ஒருக்கா ஜமீன்தாரு பொம்பளப் புள்ளையாட்டம் சிரிச்சுப்போட்டாருங்க."

அதற்குள் அவர் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. பின்னாலேயே இறங்கி மீதியைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஜன்னலோர இடம் காலியானதும் நான் நகர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஆகவே இனி வரும் எல்லாம் என் கைவேலை. கோமளா டாக்கீஸ் என்று ஒன்று அங்கே இருந்ததில்லை. ஆபரேட்டர் கந்தப்பன், அவன் தங்கை மயிலாத்தாள் இருவரையும் நான்தான் கட்டினேன். ஜமீன்தாரின் சிரிப்பு மட்டும் பஸ்ஸில் கிடைத்தது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து, கார்த்திகை மாதம், நல்லேப்பிள்ளி வயல்களின் மேல் மழை மெல்ல—"

வெட்டிவிட்டேன். மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

"கந்தப்பன் வெளிச்சத்தை வைத்து—"

இதை எழுதும்போது எனக்கே புல்லரித்தது. அதற்காகவே வெட்டினேன்.

மூன்றாவது இது: "கந்தப்பன் ஒட்டினால் தெரியாது." இதில் வெட்ட ஒன்றும் இல்லை. இங்கிருந்து போவோம்.

3

கந்தப்பன் ஒட்டினால் தெரியாது. கோயமுத்தூரில் ஓடி, பொள்ளாச்சியில் ஓடி, இன்னும் எந்தெந்த ஊரிலோ உரசித் தேய்ந்த பிரதிதான் கோமளா டாக்கீஸுக்கு வந்து சேரும். வழியில் அறுந்த இடங்களையெல்லாம் யார் யாரோ அவசரத்தில் கோணல்மாணலாக ஒட்டி அனுப்பியிருப்பார்கள். அத்தனை ஒட்டையும் பிரித்து, தன் கையால் மறுபடி ஒட்டினால்தான் கந்தப்பனுக்குச் சோறு இறங்கும்.

வேலை இதுதான். பிலிமில் ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டு ஓரத்திலும் நாலு நாலு துளை. பிரேம் முடியும் கோட்டில் நேராகக் கத்தரிக்க வேண்டும். ஒரு முனையை நாக்கால் நனைத்து, பாதி பிளேடால் மேல்பூச்சைச் சுரண்டி, பிலிம் சிமெண்டை ஒரு சொட்டுத் தடவி, மறு முனையைத் துளைமேல் துளையாக உட்கார வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பத்து எண்ண வேண்டும். ஒரு துளை பிசகினாலும் திரையில் கதாநாயகனின் கால் மேலேயும் தலை கீழேயும் வந்து நிற்கும். பெஞ்சு டிக்கெட்டுக்காரர்கள் ஆபரேட்டரின் பரம்பரையையே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். எவ்வளவு ஒழுங்காக ஒட்டினாலும் ஒட்டுக்கு ஒரு பிரேம் பலி. செகண்டுக்கு இருபத்துநாலு பிரேம் ஓடுவதால் அந்த ஒன்றை யாரும் தேடுவதில்லை.

[துறை தெரிந்தவர்கள் கடிதம் எழுத வேண்டாம். ஒரு ஒட்டுக்கு ஒன்றரைப் பிரேம், இரண்டு பிரேம் என்று உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்று எனக்குத் தெரியும்.]

4

இப்போது மயிலாத்தாள். முதல் வரைவில் அவளுக்கு "மருண்ட விழிகள்" கொடுத்திருந்தேன். பழக்கதோஷம். அவள் எதற்கும் மருண்டவள் இல்லை. இருபது வயது, கதிர் அறுப்பில் ஆண்களை முந்துகிறவள், அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அண்ணனுக்குச் சோறும் அவ்வப்போது புத்தியும் போடுகிறவள். அவளிடம் விசேஷம் அவளுடைய சிரிப்புதான். முதலில் மூச்சை உள்ளே இழுத்து ஒரு விக்கல். பிறகு அண்டா நெல்லைக் கவிழ்த்தமாதிரி ஒரே கொட்டு. யாராவது விழுந்தால் கட்டாயம் வரும். அடக்க முடியாது.

கதைக்கு ஒன்பது மாதம் முன்னால், மாசியில், மெட்ராஸ் கம்பெனி ஒன்று நல்லேப்பிள்ளி வயலில் படம் எடுக்க வந்தது. அறுப்புக் காட்சிக்கு நிஜமாக அறுக்கிறவர்களையே வரிசையில் நிறுத்தினார்கள். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று பத்துத் தடவை சொன்னார்கள். எல்லோரும் கேட்டார்கள். மயிலாத்தாள் மட்டும் வியர்வையைத் துடைக்க நிமிர்ந்தாள். கேமராவுக்குக் குடை பிடித்திருந்தவன் அந்த நேரம் பார்த்து வரப்பில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தான். அவள் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அழகாக இருக்கிறதே என்று டைரக்டர் அதை வைத்துக்கொண்டார்.

[வெளிப்புறக் காட்சிக்கு மெட்ராஸில்தானே குரல் சேர்ப்பார்கள் என்று கேட்பீர்கள். சரிதான். அந்தச் சிரிப்பை வேறு எவளாலும் சிரித்துக் காட்ட முடியவில்லை என்பதால் வயலில் பிடித்ததையே வைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படி வேண்டியிருக்கிறது, விட்டுவிடுங்கள்.]

[இந்த இடத்தில் மயிலாத்தாள் ஒன்பது மாதமாகப் படத்துக்குக் காத்திருந்ததைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. நீளமாகத் தெரிந்ததால் வெட்டி ஒட்டிவிட்டேன். ஒட்டு தெரியாது.]

5

கோமளா டாக்கீஸ் முதலாளி வெங்கிடேஸ்வரன் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர், பேச்சில் மலையாளம் கலக்கும். தினமும் காலையில் குளித்து, நெற்றி நிறைய *ஏண்ணா, என்ற மூஞ்சி எப்பண்ணா வரும்?* விபூதி இட்டு, பஸ் பிடித்து வந்துவிடுவார்.

[மன்னிக்கவும். நடுவில் புகுந்த குரல் மயிலாத்தாளுடையது. வெட்டிய பக்கத்தில் இருந்தது. இது எப்படி நேர்ந்தது என்பதை ஒன்பதாம் பகுதியில் விளக்குகிறேன்.]

வெங்கிடேஸ்வரன் ஆபரேட்டர் அறைக்குள் வந்து, ஒட்டிய ரீலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"எந்தாடா கந்தப்பா, உன் கை பட்ட எடமே தெரியலையே! இதாக்கும் ஒட்டு. மத்தவன்லாம் ஒட்டினா கிழிஞ்ச பனியனைத் தச்சாப்பல இருக்கு, கேட்டியா."

கந்தப்பன் அந்த ஒரு பாராட்டுக்காக அடுத்த படத்தில் இன்னும் இருபது ஒட்டைப் பிரிப்பான். தன் வேலை யார் கண்ணுக்கும் படவில்லை என்பதில் இவ்வளவு பெருமைப்பட்ட மனிதனை நான் பார்த்ததில்லை. என்னுடைய புத்தகங்கள் யார் கண்ணிலும் படாதபோது எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

6

சரஸ்வதியம்மாளை வில்லியாக்கத்தான் முதலில் நினைத்தேன். மயிலாத்தாளுக்கு வந்த மாப்பிள்ளையின் தாய், ஊர் கொழிஞ்சாம்பாறை, கனத்த உடம்பு, கனத்த குரல். சௌகரியமாக இருந்தது. ஆனால் அவளுக்குச் சினிமா என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை மாட்னி ஒன்றையும் விட மாட்டாள். படத்தில் யார் செத்தாலும் முந்தானை நனைய அழுவாள். அப்படிப்பட்டவளை வில்லியாக்க மனம் வரவில்லை.

அவள் மகன் நாச்சிமுத்துவுக்குச் சைக்கிள் கடை. பெண் பார்க்க வந்த அன்று, கந்தப்பன் மரியாதைக்காக டாக்கீஸிலிருந்து ரிசர்வ் வகுப்பு மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து போட்டிருந்தான். நாச்சிமுத்து உட்கார்ந்ததும் நாற்காலி மடங்கிவிட்டது. மாப்பிள்ளை உள்ளே, கால் இரண்டும் வெளியே. காப்பித் தட்டோடு வந்த மயிலாத்தாள் மூச்சை உள்ளே இழுத்தாள். விக்கல். பிறகு கொட்டு.

"புள்ள சிரிச்சா மூணு ஊடு தள்ளிக் கேக்கும்போல இருக்குதே" என்றாள் சரஸ்வதியம்மாள். கிடந்த கிடையிலேயே நாச்சிமுத்துவுக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போயிற்று. தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று.

வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பும்போதுதான் அவள் சொன்னாள். "நல்லேப்பிள்ளி வயலு ஒரு படத்துல வருதாமா. நம்ம பக்கத்துப் புள்ளைக நெசமாலுமே அதுல நின்னுதுகளாமா. படம் பாக்கறது வேற, அதுல போயி நிக்கறது வேற. நின்ன புள்ளைய எவன் ஊட்டுக்குக் கூட்டிப் போவான், சொல்லுங்க தம்பி?"

"ஆமாங்க" என்றான் கந்தப்பன்.

இந்தக் கதையில் அவன் பேசுவது குறைவு. பேசியதில் இதைவிடக் கெட்ட வார்த்தை இல்லை.

7

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கியது. மறுநாள் மாட்னிதான் முதல் ஆட்டம், அதற்குச் சரஸ்வதியம்மாள் குடும்பத்தோடு வருகிறாள். மயிலாத்தாளையும் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள்.

சாயங்காலம் மயிலாத்தாள் கேட்டாள். "ஏண்ணா, பொட்டி வந்துருச்சாமா?"

"வந்துருச்சு."

"நா இருக்கறனா?"

"இன்னும் பாக்கல."

"பொய் சொல்லாதண்ணா. பொட்டி வந்தாச் சோத்த மறந்துபோட்டுப் பாக்கற ஆளு நீயி."

"நாளைக்கு அவியெல்லாம் வாராங்க மயிலா. அந்தம்மா சொன்னது உனக்குக் கேக்கலியா?"

"கேட்டுது. மூணு செகண்டுதான் வரும்னு அன்னிக்கே கம்பெனிக்காரங்க சொன்னாங்க. கண்ணச் சிமிட்டுனாப் போச்சு. என்னய எவ பாக்கப்போறா? நா பாத்துக்கறேன், போதும். ஒருக்காப் பாத்துப்போட்டுக் கல்யாணம் கட்டிக்கறேன்."

[முதல் வரைவில் "என்னைய வெட்டிப்போடுண்ணா" என்று மயிலாத்தாளே கெஞ்சினாள். எனக்கும் கந்தப்பனுக்கும் அது நிம்மதியாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒன்பது மாதம் காத்திருந்தவள் எதற்காகக் கெஞ்ச வேண்டும்? கெஞ்சினால் எங்கள் இரண்டு பேர் கையிலும் கறை படாது, அவ்வளவுதான். அடித்துவிட்டேன்.]

கந்தப்பன் சொன்னது பொய்தான். ஏழாவது ரீலை அவன் மத்தியானமே ஜன்னல் பக்கம் விரித்துப் பார்த்திருந்தான். கதாநாயகி வரப்பில் நடந்து வருகிறாள். அடுத்து மயிலாத்தாள். அதற்கடுத்து, அறுப்பை நிறுத்தச் சொல்லி அதட்டும் ஜமீன்தார். மயிலாத்தாள் மூன்று செகண்ட். எழுபத்திரண்டு பிரேம். ஒவ்வொன்றிலும் நகக்கண் அளவுக்கு ஒரு தங்கச்சி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்து. ஊரில் இத்தனை பேர் இருக்க, இவள் மட்டும் பயமில்லாமல் நேராகப் பார்த்திருக்கிறாளே என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடுதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கத்தரியை எடுத்தான்.

இரண்டு முனையையும் சேர்த்தான். நனைத்து, சுரண்டி, தடவி, அழுத்தி, பத்து எண்ணினான். அவன் வாழ்க்கையிலேயே நல்ல ஒட்டு. விரலால் தடவினாலும் தெரியவில்லை. வெட்டிய துண்டைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

8

ஞாயிறு மாட்னி. பெண்கள் பக்கம், நாலாவது பெஞ்சு. நடுவில் சரஸ்வதியம்மாள், அவளுக்கு வலப்பக்கம் மயிலாத்தாள். கந்தப்பன் மேலே சின்னச் சதுர ஓட்டை வழியாக இருவரின் பின்தலையையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஏழாவது ரீல். நல்லேப்பிள்ளி வயல் திரையில் வந்ததும் கொட்டகையே விசில் அடித்தது. கதாநாயகி வரப்பில் நடந்தாள். மயிலாத்தாள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கந்தப்பனுக்கு அது தெரிந்தது.

திரையில் ஜமீன்தார் வந்தார். ஒட்டு இருந்த சுவடே இல்லை. பெரிய மீசை, கையில் பிரம்பு, கண்ணில் தணல். அறுக்கிறவர்களைப் பார்த்து வாயைத் திறந்தார்.

ஒரு விக்கல். பிறகு அண்டா நெல் கவிழ ஆரம்பித்த சத்தம். அதோடு அறுபட்டு, மீசைக்குள்ளிருந்து "...துங்கடா!" என்றது.

சிரிப்பில் கொட்டகைக் கூரை பிய்ந்தது. "ஜமீன்தாரு வெக்கப்படறாருடோய்!" என்று எவனோ கத்தினான். மேலே நின்ற கந்தப்பன் இயந்திரத்தின் பக்கவாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

[பழைய வரைவில் மயிலாத்தாள் இங்கே அழுதாள். அண்ணன் தன்னை வெட்டிவிட்டான் என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டதே, அழாமல் என்ன செய்வாள் என்று நினைத்தேன். அழுகையை ஒரு பத்தி எழுதினேன். நன்றாகக்கூட வந்திருந்தது.]

ஆனால் யாராவது விழுந்தால் அவளால் அடக்க முடியாது என்று நானே நாலாம் பகுதியில் எழுதித் தொலைத்திருக்கிறேன். அவ்வளவு பெரிய ஜமீன்தார் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்திருக்கிறார். மயிலாத்தாள் மூச்சை உள்ளே இழுத்தாள். விக்கல். கொட்டு. திரையில் பாதியில் அறுபட்டுப்போன சிரிப்பின் மீதி, பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சிலிருந்து வந்தது. மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகும் அது நிற்கவில்லை.

சரஸ்வதியம்மாள் தலையை மெல்லத் திருப்பினாள்.

9

விளக்குகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. பிலிம் முதலில் விளக்கின் முன்னால் போகிறது, அங்கே படம் தெரிகிறது. கொஞ்சம் கீழே இறங்கிச் சத்தம் படிக்கும் உருளையைச் சுற்றுகிறது, அங்கே சத்தம் கேட்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்பதால், ஒரு படத்துக்குரிய சத்தம் அந்தப் படத்தின் பக்கத்திலேயே இருக்காது. இருபது பிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். மயிலாத்தாள் சிரிக்கத் தொடங்கிய சத்தம் கதாநாயகியின் கடைசி இருபது பிரேம் ஓரத்தில் இருந்தது. கந்தப்பன் படத்தைப் பார்த்து வெட்டினான். முகம் போயிற்று. சிரிப்பின் தலை பிலிமில் தங்கிவிட்டது. ஜமீன்தாரின் "நிறுத்" துண்டோடு போயிற்று. நாலாம் பகுதியில் நான் வெட்டிய பக்கத்தின் குரல் ஐந்தாம் பகுதியில் கேட்டதும் இப்படித்தான்.

ஒரு ஆபரேட்டருக்கு இது தெரியாதா? தெரியும். பிலிமை மாட்டும்போதெல்லாம் அந்த இடைவெளியை விரலால் அளக்கிறவன். ஆனால் இத்தனை வருஷமும் அவன் அறுந்ததைத்தான் ஒட்டியிருக்கிறான். ஒன்றிரண்டு பிரேம் போனால் சத்தம் பிசகுவது காதுக்கு எட்டாது. ஒரு ஆளையே முழுசாக வெட்டி எடுத்தது அதுதான் முதல் தடவை.

அல்லது—

10

அல்லது, தெரிந்தேதான் விட்டானா? இது எனக்கு இன்னமும் தீரவில்லை. இருபது பிரேம் முன்னால் கத்தரி வைத்திருந்தால் சிரிப்பும் போயிருக்கும். கதாநாயகி ஒரு செகண்ட் குறைவாக நடந்திருப்பாள், குடி ஒன்றும் முழுகிப்போகாது. கந்தப்பனை நேராகக் கேட்டுப் பார்த்தேன். அவன் நான் கட்டிய ஆள், பதில் சொல்லத்தான் வேண்டும். சொல்லவில்லை. "நா ஒட்டுனா தெரியாதுங்க" என்றான்.

11

இடைவேளை. விளக்குப் போட்டாயிற்று. ஆபரேட்டர் அறைக்கு மரப்படி. பொம்பளைகள் யாரும் இதுவரை ஏறியதில்லை. படி முனகும் சத்தம் கேட்டதுமே கந்தப்பனுக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

சரஸ்வதியம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது.

"துண்டு எங்க?"

"என்ன துண்டுங்க?"

"என்ற காது இன்னும் செவுடாகல தம்பி. உன்ற தங்கச்சி சிரிப்ப நா ஒருக்காத்தான் கேட்டன். அது சாவற வரைக்கும் மறக்குமா? மறச்சுப்போட்டுக் கட்டிக்குடுக்கப் பாத்தியா?"

கந்தப்பன் கால்மாற்றி நின்றான். "கல்யாணம் நின்னுருமேன்னுதானுங்க—"

"குடு."

அவள் கையை நீட்டினாள். அவள் தோளுக்குப் பின்னால், இரண்டு படி கீழே, மயிலாத்தாள் நின்றாள். சிரித்துச் சிரித்துக் கண் ஈரமாக இருந்தது. அல்லது சிரிப்பினால் மட்டும் இல்லாமலும் இருக்கலாம். அவளும் கையை நீட்டினாள்.

"எங்கிட்டக் குடுண்ணா. நா இன்னும் பாக்கவே இல்ல."

கந்தப்பன் சட்டைப்பையிலிருந்து துண்டை எடுத்தான். நாலரை அடி நீளம். சுருள் பிரிந்து தொங்கியது.

இனி என்ன என்று மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் சரஸ்வதியம்மாள் துண்டை வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து, கிழித்துப் போட்டுவிட்டு, "தையில கல்யாணம்" என்று படியிறங்கினாள். மயிலாத்தாள் அப்புறம் சிரித்ததாக எழுத வரவில்லை. இன்னொன்றில் மயிலாத்தாள் பறித்துக்கொண்டாள், கந்தப்பன் மறுபடி ஒட்டினான், ஆறரை ஆட்டத்தில் ஊரே அவளைப் பார்த்தது. நாச்சிமுத்து கொழிஞ்சாம்பாறையில் வேறு பெண்ணைக் கட்டினான். மூன்றாவதில் சரஸ்வதியம்மாள் துண்டைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், "இத ஒட்டு, நா ஆறரைக்கும் இருந்து பாத்துப்போட்டுப் போறன்" என்றாள். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர அவள் அப்படிச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு முடிவையும் வெட்டியும் ஒட்டியும் பார்த்ததில், ஒட்டுக்கு ஒரு பிரேம் வீதம் போய்க்கொண்டே இருந்தது. எழுபத்திரண்டில் இப்போது என்னிடம் மிச்சம் அறுபத்தொன்று. அவள் நிமிரும் இடம் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொரு தடவை எழுதினால் முகத்தில் கை வைக்க வேண்டிவரும். இரண்டு வரைவுக்கு முன்பே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

கந்தப்பன் துண்டை நீட்டிக்கொண்டு நிற்கிறான். எதிரே இரண்டு கை. அவன் இரண்டு பேரையும் பார்க்கவில்லை, உங்களைப் பார்க்கிறான். வாங்கிக்கொள்ளுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள், நடுவில் விரல் பட்டால் அவள் முகத்தில் ரேகை விழுந்துவிடும். ஆறரை ஆட்டத்துக்கு ஒட்ட வேண்டுமானால் இப்போதே சொல்லுங்கள், சிமெண்ட் காய நேரம் வேண்டும்.